அயர்லாந்துத் தீவின் தமிழ்ப் பெற்றோருக்கு: அந்தப் பள்ளியை ஒருமுறை எட்டிப் பாருங்கள்

பெல்ஃபாஸ்ட், டப்ளின், கார்க், கால்வே என்று இந்தத் தீவு முழுக்கப் பிள்ளை வளர்க்கும் அக்காமாருக்கும் அண்ணன்மாருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

போன பொங்கலன்று வாடகை மண்டபத்தில் சர்க்கரைப் பொங்கல் தட்டும் கையுமாக நின்றுகொண்டிருந்தபோது பேச்சு பள்ளிச் சேர்க்கைப் பக்கம் போனது. வட அயர்லாந்தில் ஜனவரிதான் அதற்கான மாதம். ஜூலை 1-க்குள் நான்கு வயது நிறைகிற பிள்ளை செப்டம்பரில் முதல் வகுப்பில் உட்கார வேண்டும், விண்ணப்பத்தை ஜனவரியிலேயே போட்டாக வேண்டும். என் மகனுக்கு மார்ச்சில் நான்கு. "ஐரிஷ்வழிப் பள்ளி ஒன்றைப் பார்த்துவிட்டு வரலாமென்று இருக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பாடமெல்லாம் இந்தத் தீவின் பழைய மொழியான ஐரிஷிலேயே நடக்கும் பள்ளி அது. சுற்றி நின்ற ஏழெட்டுப் பேரும் சிரித்தீர்கள். "செத்த பாஷையைப் படிச்சு என்ன பண்ணப் போறான்?" என்றார் ஒருவர். அவர் பெயர் வேண்டாம். நல்ல மனிதர், அன்றைக்குப் பொங்கல் கிண்டியதே அவர்தான்.

எனக்குப் பதில் வரவில்லை. கோபத்தில் வாயடைத்துப் போனேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அதற்கு முந்தைய சனிக்கிழமைதான் என் ஒன்பது வயது மகள் தமிழ் வகுப்புக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடித்து, கிட்டத்தட்ட இதே கேள்வியைத் தமிழைப் பற்றிக் கேட்டிருந்தாள். அவளுக்கும் பதில் சொல்லாமல், "கிளம்பு, நேரமாச்சு" என்று காரில் ஏற்றிக்கொண்டு போயிருந்தேன். ஒரே வாரத்தில் ஒரே கேள்விக்கு இரண்டு முறை முழித்தவள் எழுதும் மடல் இது.

அடுத்த வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு மேற்கு பெல்ஃபாஸ்டில் ஒரு பள்ளிக்குப் போனேன். சின்னப் பிள்ளைகள் இருக்கிற இடம், பெயர் எதற்கு. வழக்கமான மழை. வாசலில் "ஃபால்ச்சா" என்று பலகை, நம் "நல்வரவு" மாதிரி. தொடக்கப் பள்ளியை இங்கே "புன்ஸ்கொல்" என்கிறார்கள். "புன்" என்றால் அடி, அடித்தளம். அதற்கும் முந்திய மழலையர் பள்ளி "நீஸ்கொல்". இதை எழுத்துக்கூட்டினால் "நாய்ஸ்கோல்" என்று வரும். வீட்டில் காகிதத்தைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் பத்து நிமிடம் சிரித்தார். "நீ" என்றால் குழந்தை என்று சொன்ன பிறகும் சிரிப்பு அடங்கவில்லை. அத்தையிடம் தொலைபேசியில் சொல்லி அவரையும் சிரிக்க வைத்தார்.

முதல் வகுப்பில் பின்பக்கம் ஒரு குட்டி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஆசிரியை ஆங்கிலத்தில் ஒரு சொல்கூடப் பேசவில்லை. பிள்ளைகளோ முக்கால்வாசி ஆங்கிலத்தில்தான் பேசினார்கள், ஏனென்றால் பெரும்பாலான பிள்ளைகளின் வீட்டில் ஆங்கிலம்தான். நம்மில் பலருக்குத் தெரியாத விஷயம் இது. ஐரிஷ்வழிப் பள்ளி என்றால் வீட்டில் ஐரிஷ் பேசுகிறவர்களின் பிள்ளைகளுக்கானது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஐரிஷே ஊர்ப்பேச்சாக இருக்கும் மேற்குக் கரையோரக் கேல்டாக்ட் ஊர்களில் அப்படி இருக்கலாம். நகரத்துப் பள்ளிகளில் பிள்ளை உள்ளே வரும்போது சுழியம்தான். என் மகனும் சுழியம், பக்கத்து வீட்டுப் பையனும் சுழியம்.

ஒரு சிறுமி அழுதுகொண்டே வந்து, கோட்டைக் காணோம் என்று ஆங்கிலத்தில் முறையிட்டாள். ஆசிரியை குனிந்து, "கா வில் த ஹோட்டா?" என்றார். "உன் கோட்டு எங்கே?" என்று பொருள். சொல்லிக்கொண்டே தன் சட்டையைத் தொட்டார், கையை விரித்தார், அறையைச் சுற்றிப் பார்த்தார். "ஐரிஷில் சொல்லு" என்று அதட்டவில்லை. சிறுமி ஆங்கிலத்தில் சொன்னதையே ஐரிஷில் திருப்பிச் சொல்லி அவளிடம் கொடுத்தார், அவ்வளவுதான். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு "ஹோட்டா" என்றாள். கோட்டு கிடைத்தது, வேறொருவன் போட்டுக்கொண்டிருந்தான். முதல் இரண்டு மூன்று வருடம் இப்படித்தான் போகுமாம். எழுதப் படிக்கவும் ஐரிஷில்தான் தொடக்கம், ஆங்கிலப் பாடம் அப்புறம்தான் வரும். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயருக்கு "முங்கவிட்டுக் கற்பித்தல்" என்று பொருள். கிணற்றில் தள்ளிவிட்டு நீச்சல் பழக்கிய என் தாத்தாவுக்கு இது புதிதாக இருந்திருக்காது. ஒரு வித்தியாசம், இங்கே ஆசிரியை கூடவே தண்ணீரில் நிற்கிறார்.

அந்தக் கோட்டு விவகாரத்தில் என் காது வேறொன்றில் மாட்டிக்கொண்டது. ஐரிஷில் கோட்டுக்கு "கோட்டா" என்றுதான் பெயர். "உன்" என்று முன்னால் வந்ததும் அது "ஹோட்டா" ஆகிவிடுகிறது. ஆளைக் கூப்பிடும்போதும் இதே கதை. "மாய்ரா" என்ற பெண்ணை "அ வாய்ரா" என்று கூப்பிடுகிறார்கள். பள்ளியில் படித்த எட்டாம் வேற்றுமை ஞாபகம் வந்தது. நாம் கண்ணனைக் "கண்ணா" என்று விளிக்கும்போது பெயரின் வாலை மாற்றுகிறோம், இவர்கள் தலையை மாற்றுகிறார்கள். இன்னொன்றும் கேளுங்கள். ஆங்கிலத்தில் ஒரு பொருளை "நான் வைத்திருக்கிறேன்" என்று சொல்ல ஒரு வினை உண்டு. ஐரிஷில் அப்படி ஒரு வினையே கிடையாது. "தா கோட்டா அகம்" என்றால் "கோட்டு என்னிடம் இருக்கிறது". அப்படியே நம் வாக்கியம்! பசியும் அப்படித்தான், அவர்களுக்குப் பசி "மேலே வருகிறது", நமக்குப் பசி "எடுக்கிறது". கேள்வி கேட்டால் "ஆம்", "இல்லை" என்று தனிச் சொல்லால் பதில் சொல்ல மாட்டார்கள், வினையையே திருப்பிச் சொல்வார்கள். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." நம் பிள்ளைகள் வீட்டில் தினமும் செய்வது. இரண்டு மொழிக்கும் உறவு ஏதும் இல்லை, அப்படிக் கதை கட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆங்கிலம் மட்டுமே தெரிந்த பிள்ளைக்கு விசித்திரமாகப் படுவது தமிழ்வீட்டுப் பிள்ளைக்குச் சாதாரணமாகப் படலாம், அவ்வளவே.

சரி, பெரியவர்கள் கதைக்கு வருகிறேன். நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

இந்த ஊரில் ஷாஸ் ரோடு என்று ஒரு சாலை இருக்கிறது. 1960-களில் சில இளம் தம்பதிகள், தங்கள் பிள்ளைகளை ஐரிஷிலேயே வளர்ப்பது என்று முடிவெடுத்தார்கள். அவர்கள் யாருக்கும் அது தாய்மொழி இல்லை. மேற்கு பெல்ஃபாஸ்டின் ஐரிஷ் மன்றத்தில் மாலை நேரங்களில் கற்றுக்கொண்டவர்கள். வீட்டில் மட்டும் பேசினால் பிள்ளை தெருவில் இறங்கியதும் மொழி போய்விடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே தெருவையே உண்டாக்கிவிட்டார்கள். நிலம் வாங்கி, அடுத்தடுத்து வீடு கட்டி, 1969-இல் முதலில் ஐந்து குடும்பங்கள் குடியேறின. அந்த ஆண்டு ஆகஸ்டில் கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் கலவரத்தில் பெல்ஃபாஸ்ட் எரிந்துகொண்டிருந்தது. பம்பாய் தெரு என்று ஒரு தெரு முழுக்கச் சாம்பலானது. (பம்பாய்தான், நம் பம்பாயேதான். பேரரசின் ஞாபகமாக வைத்த பெயர்.) அந்தத் தெருவைத் திரும்பக் கட்டும் வேலையிலும் ஷாஸ் ரோட்டுக்காரர்கள் இறங்கினார்கள். அவர்கள் சொல்லிக்கொண்டது: "சொல்லாதே, செய்."

பள்ளி நடத்தப் போகிறோம் என்று சொன்னபோது, நடத்தினால் சிறைக்குப் போக நேரலாம் என்று அன்றைய கல்வி அமைச்சகத்திலிருந்து எச்சரிக்கை வந்தது. 1971-இல் ஒன்பது பிள்ளைகளோடு பள்ளியைத் தொடங்கியே விட்டார்கள். அரசு அங்கீகரித்துப் பணம் தர ஆரம்பித்தது 1984-இல். நடுவில் பதின்மூன்று வருடம் ஆசிரியர் சம்பளம், கரி, சுண்ணக்கட்டி எல்லாம் பெற்றோர் திரட்டிய காசு. அதற்குள்ளேயே, 1978 வாக்கில், ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கதவைத் திறந்துவிட்டார்கள். 1991-இல் ஃபால்ஸ் ரோட்டில் ஒரு பழைய பிரெஸ்பிட்டேரியன் தேவாலயத்தில் பண்பாட்டு மையமும், அதற்குள் ஓர் உயர்நிலைப் பள்ளியும் தொடங்கினார்கள். அதுவும் ஒன்பது பிள்ளைகளோடுதான், என்ன எண் ராசியோ. இன்று வட அயர்லாந்தில் ஐரிஷ்வழியில் படிக்கும் பிள்ளைகள் 7,000-க்கும் மேல். தெற்கே குடியரசில் கேல்டாக்டுக்கு வெளியே மட்டும் ஏறத்தாழ 150 தொடக்கப் பள்ளிகள். "செத்த பாஷை" என்று நாம் சொன்னதை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள்.

செத்தது என்று சொல்வதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. 2022 கணக்கெடுப்பில் குடியரசில் பதினெட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஐரிஷ் தெரியும் என்று எழுதினார்கள். பள்ளிக்கு வெளியே தினமும் பேசுவதாகச் சொன்னவர்கள் சுமார் 72,000 பேர்தான். பதினான்கு வருடம் பள்ளியில் கட்டாயமாகப் படித்துவிட்டு, "கழிவறைக்குப் போகலாமா?" என்ற ஒரே வாக்கியத்தோடு வெளியே வந்தவர்கள் ஏராளம். உங்கள் அலுவலகத்து ஐரிஷ்காரர் யாரையாவது கேளுங்கள், "அன் வில் க்யாட் அகம்" என்று தொடங்கி மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். பாடமாக வைத்தால் மொழி எந்த அளவில் நிற்கும் என்பதற்கு அந்தக் கழிவறை வாக்கியமே சாட்சி. நம் சனிக்கிழமை வகுப்புகளும் அந்தத் திசையில்தான் போய்க்கொண்டிருக்கின்றன என்பது என் பயம்.

அந்தப் பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா ஒருவர், பேருந்து ஓட்டுநர். மகன் மூன்றாம் வகுப்பு, மகளைச் சேர்க்க வந்திருந்தார். "உங்களுக்கு ஐரிஷ் வருமா?" என்று கேட்டேன். "பையன் வகுப்பை விட ஒரு வருடம் பின்னால் இருக்கிறேன்" என்றார். செவ்வாய்க்கிழமை மாலை பெற்றோருக்கு வகுப்பு. அதே அறை, அதே குட்டி நாற்காலிகள், முழங்கால் நாடிவரை வரும். மகனுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றுதான் சேர்ந்தாராம். இப்போது மகன் இவருடைய உச்சரிப்பைத் திருத்துகிறானாம். அதை அவர் அவமானமாக எடுத்துக்கொள்ளவில்லை, பெருமையாகச் சொன்னார்.

நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். சனிக்கிழமை பத்து மணிக்கு மகளைத் தமிழ் வகுப்பு வாசலில் இறக்கிவிடுகிறேன். பன்னிரண்டு வரை காரில் உட்கார்ந்து கைப்பேசி பார்க்கிறேன், இல்லாவிட்டால் மளிகைக் கடைக்குப் போய்க் கறிவேப்பிலை வாங்குகிறேன். பன்னிரண்டு மணிக்கு அவள் ஏறியதும் ஆங்கிலத்தில் "எப்படி இருந்தது?" என்று கேட்கிறேன். வாகன நிறுத்துமிடத்தில் வரிசையாக நிற்கும் கார்களில் நீங்களும் உட்கார்ந்திருக்கிறீர்கள், கண்ணாடி வழியாகக் கையாட்டுகிறோம். தமிழ் தெரிந்த நாம் வெளியே உட்கார்ந்திருக்கிறோம், ஐரிஷ் தெரியாத அவர்கள் உள்ளே போய் உட்காருகிறார்கள்.

இதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரவு வேலை முடித்துவிட்டு வருகிற செவிலியர்கள் நம்மில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும், நானும் அதில் ஒருத்தி. ஆனால் அந்த ஓட்டுநரும் அதிகாலை நான்கு மணிக்கு எழுகிறவர்தான்.

பழைய கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1831 முதல் இங்கே அரசு நடத்திய தேசியப் பள்ளிகளில் பாடமெல்லாம் ஆங்கிலத்தில். பிள்ளையின் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டித் தொங்கவிட்டு, ஐரிஷில் பேசும்போதெல்லாம் அதில் ஒரு வெட்டுப் போடும் வழக்கம் இருந்தது. மாலையில் வெட்டுகளை எண்ணி அத்தனை அடி. சில இடங்களில் வெட்டுப் போட்டது பெற்றோரே. அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். 1840-களின் பஞ்சத்துக்குப் பிறகு கப்பலேற ஆங்கிலம் வேண்டும், வேலைக்கு ஆங்கிலம் வேண்டும். பிள்ளை பிழைக்க வேண்டுமென்றுதான் செய்தார்கள். விருதுநகர்ப் பக்கம் நான் படித்த ஆங்கிலவழிப் பள்ளியில் தமிழில் பேசினால் ஒரு ரூபாய் அபராதம். அந்த ஒரு ரூபாயை என் அப்பா முணுமுணுக்காமல் கொடுத்தனுப்புவார். நல்ல பள்ளிக்கு அதுதான் அடையாளம் என்று நினைத்தார். குச்சிக் கதையை நான் பார்க்கப் போன ஐரிஷ்வழிப் பள்ளியின் தலைமையாசிரியர் சொன்னபோது எனக்கு அப்பாவின் சட்டைப்பைச் சில்லறைச் சத்தம் கேட்டது.

இனி உங்கள் தயக்கங்கள். அன்றைக்கு மண்டபத்தில் கேட்டவை, அப்புறம் தொலைபேசியில் வந்தவை.

ஆங்கிலம் கெட்டுப்போகும் என்றீர்கள். தெருவில், தொலைக்காட்சியில், கடையில், விளையாட்டுத் திடலில் எங்கும் ஆங்கிலம் இருக்கிற ஊரில் அது எப்படிக் கெடும் என்று எனக்கு விளங்கவில்லை. குடியரசில் 2010-இல் நடந்த தேசிய மதிப்பீட்டில் ஐரிஷ்வழி நகரப் பள்ளிகளின் பிள்ளைகள் ஆங்கில வாசிப்பில் நாட்டுச் சராசரியைவிட மேலாகவே இருந்தார்கள். அதை முழுக்கப் பள்ளியின் சாமர்த்தியம் என்று சொல்லிவிட முடியாது, அக்கறையுள்ள பெற்றோர் தேடிப் போகும் பள்ளிகள் அவை. என்றாலும் பயப்படத் தேவையில்லை என்பதற்கு அது போதும்.

"நமக்கு எதுக்கு வம்பு" என்றார் என் வீட்டுக்காரர். பெல்ஃபாஸ்டில் இதைச் சிரித்து ஒதுக்க முடியாது. இங்கே மொழிக்கும் கட்சி ஒட்டியிருக்கிறது. ஐரிஷ் என்றால் கத்தோலிக்கர், அயர்லாந்தோடு சேர வேண்டும் என்கிற தேசியவாதிகள் என்று ஒரு பக்கம் முத்திரை குத்தும். கலவரக் காலத்துத் தேசியவாதக் கைதிகளை அடைத்துவைத்த லாங் கேஷ் சிறையில் கதவுக்குக் கதவு கத்தி ஐரிஷ் கற்றவர்கள் உண்டு. கேல்டாக்ட் என்பதைத் திரித்து அந்தச் சிறைக்கு "ஜெயில்டாக்ட்" என்று பெயரே வைத்தார்கள். 2024 ஆகஸ்டில் வெளிநாட்டுக்காரர்களின் கடைகளை எரித்தபோது நாமெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இந்த ஊரில் எந்தப் பக்கமும் சாயாமல் இருப்பதுதான் புத்தி என்று யாராவது சொன்னால் என்னால் எதிர்த்துப் பேச முடியவில்லை.

ஆனால் கதை அந்த முத்திரையோடு முடியவில்லை. ஷாங்கில் ரோடு புராட்டஸ்டண்டுகளின் கோட்டை. "ஷாங்கில்" என்ற பெயரே ஐரிஷ், "பழைய தேவாலயம்". பெல்ஃபாஸ்ட் என்பதும் ஐரிஷ், மணல்திட்டின் முகத்துவாரம் என்று பொருள். ஃபால்ஸ் ரோட்டுப் பண்பாட்டு மையத்துக்கு இரண்டு பேர் பெயரைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஒருவர் கத்தோலிக்கக் கர்தினால் ஓ ஃபீயாக். இன்னொருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ராபர்ட் மெக்கடம், பிரெஸ்பிட்டேரியன் வணிகர், ஐரிஷ் சுவடிகளையும் பழமொழிகளையும் தேடித் தேடிச் சேர்த்தவர். கிழக்கு பெல்ஃபாஸ்டில், பிரிட்டனோடே இருக்க வேண்டும் என்கிற ஒன்றியவாதிகளின் நியூட்டனார்ட்ஸ் ரோட்டில், லிண்டா எர்வின் என்ற அம்மையார் ஐரிஷ் வகுப்புகள் நடத்துகிறார். தன் கணவர் வீட்டு முன்னோர் 1911 கணக்கெடுப்பில் ஐரிஷ் தெரியும் என்று பதிந்திருந்ததைப் பார்த்தவர் அவர். அந்தப் பக்கம் 2021-இல் ஒரு நீஸ்கொல் தொடங்க முயன்றபோது சமூக ஊடகத்தில் வெறுப்புப் பிரசாரம் கிளம்பி இடத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. மாற்றினார்கள், தொடங்கினார்கள். 2022 டிசம்பரில் ஐரிஷுக்கு வட அயர்லாந்தில் சட்டப்படி அங்கீகாரம் வந்தது. நீதிமன்றத்தில் ஆங்கிலம் மட்டும்தான் என்ற 1737-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கியதும் அதே சட்டம்தான்.

என் வீட்டுக்காரர் இன்னும் முழு மனதாகச் சம்மதிக்கவில்லை. இதை மறைத்து எழுதினால் அவரே படித்துவிட்டுச் சண்டைக்கு வருவார்.

மதம் பற்றியும் கேட்டீர்கள். ஐரிஷ்வழிப் பள்ளிகளில் கத்தோலிக்க மரபில் நடப்பவையும் உண்டு, எல்லா மதத்தாருக்குமானவையும் உண்டு. ஏழெட்டு வயதில் முதல் நற்கருணைக்குத் தயார்ப்படுத்தும் வகுப்பு நடந்தால், உங்கள் பிள்ளை அந்நேரம் எங்கே உட்காரும், என்ன செய்யும் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இது ஆங்கிலவழிக் கத்தோலிக்கப் பள்ளிக்கும் பொருந்தும்.

நானே கண்ட குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மணி அடித்ததும் பிள்ளைகள் மைதானத்தில் கத்தியதெல்லாம் ஆங்கிலம். மேல்வகுப்புப் பிள்ளைகளின் ஐரிஷ் பாதி ஆங்கிலம் என்று கேல்டாக்ட்காரர்கள் முகம் சுளிப்பதாகவும் கேள்விப்பட்டேன். ஆங்கில வினை ஒன்றைப் பிடித்து வாலில் "ஆல்" என்று ஒட்டினால் ஐரிஷ் தயார். காரை நிறுத்துவதற்கு அகராதியிலேயே "பார்க்யால்" என்று இருக்கிறது. "பார்க் பண்ணு" என்று சொல்கிற நாம் இதற்காக அவர்களைக் கேலி செய்ய முடியாது. பெரிய குறை வேறு. பேச்சுத் தாமதமோ வாசிப்புச் சிரமமோ உள்ள பிள்ளைக்கு ஐரிஷ் தெரிந்த சிகிச்சையாளர் கிடைப்பது அரிது. தொடக்கப் பள்ளி முடிந்தபின் வட அயர்லாந்து முழுக்கத் தனி ஐரிஷ்வழி உயர்நிலைப் பள்ளி என்று பெல்ஃபாஸ்டில் ஒன்று, டங்கிவன் ஊரில் ஒன்று. ஊர் மாறிப் போகும் வேலையில் இருப்பவர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும். அடுத்த வருடம் பர்மிங்காமுக்கு மாற்றல் வரும் என்றால், நான் உங்களை இந்தப் பக்கம் இழுக்க மாட்டேன்.

தெற்கே இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆங்கிலவழிப் பள்ளியில் போட்டாலும் உங்கள் பிள்ளை அங்கே ஐரிஷ் படித்தே ஆக வேண்டும். இரண்டாம் நிலைப் பள்ளி முடியும்வரை அந்தப் பாடம் இருக்கத்தான் போகிறது. கழிவறை வாக்கியத்தோடு வெளியே வருவதா, பேசிக்கொண்டு வெளியே வருவதா என்பதுதான் உங்கள் முன்னால் இருக்கும் கேள்வி.

கடைசியாக மூத்தவள். அவளுக்கு ஐரிஷ்வழிப் பள்ளிக் காலம் கடந்துவிட்டது. பள்ளியிலிருந்து வந்த அன்றிரவு அவளிடம், "தமிழ் எதுக்குன்னு கேட்டியே, எனக்குப் பதில் தெரியலை. அடுத்த சனிக்கிழமை நானும் உன்கூட உள்ளே வந்து உட்காரட்டுமா?" என்றேன். "எதுக்கு? உனக்குத்தான் தெரியுமே" என்றாள், ஆங்கிலத்தில். இருந்தாலும் போனேன். பிள்ளைகளோடு சேர்ந்து ஆத்திசூடி எழுதச் சொன்னார்கள். "ஙப்போல் வளை"க்குப் பொருள் கேட்டபோது எனக்கு நாக்குக் குழறியது. அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அதற்கப்புறம் இரண்டு சனிக்கிழமை அடம் இல்லாமல் கிளம்பினாள். மூன்றாவது சனிக்கிழமை பழையபடி அடம்.

தமிழ் வகுப்பு நடத்தும் குழுவுக்கும் இதே மடலில் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். அந்த இரண்டு மணி நேரமும் பக்கத்து அறை காலியாகத்தான் கிடக்கிறது. காரில் உட்கார்ந்திருக்கும் எங்களைக் கூப்பிட்டு அங்கே உட்கார வையுங்கள். பாடம் நடத்த வேண்டாம், செய்தித்தாள் வாசித்தாலும் போதும், பிள்ளைகள் கதவு வழியாகப் பார்க்கட்டும்.

மகனின் விண்ணப்பத்தில் முதல் விருப்பமாக அந்தப் பள்ளியை எழுதிவிட்டேன். ஏப்ரல் கடைசியில்தான் இடம் கிடைத்ததா என்று தெரியும். அதற்கு முன்பே பெற்றோருக்கான செவ்வாய் வகுப்பில் சேர்ந்தாயிற்று, பிள்ளை சேராவிட்டாலும் வரலாமாம். மாலை ஏழு மணிக்கு. தெற்கு பெல்ஃபாஸ்டிலிருந்து ஆறரைக்குக் கிளம்புகிறேன். காரில் பின்சீட்டு காலி. வருகிறவர்கள் திங்கட்கிழமைக்குள் சொல்லுங்கள்.

அன்புடன்,
பொங்கலன்று பதில் சொல்லாமல் நின்றவள்